குழாய் போடுகிறவன் வரைபடம் போடுகிறவர்களுக்கு எழுதும் மடல்

வீடு வரைந்து தரும் ஆர்க்கிடெக்ட்களுக்கும், அதைக் கட்டித் தரும் எஞ்சினியர்களுக்கும், பில்டர்களுக்கும் வணக்கம்.

நான் பிளம்பர். நீங்கள் கட்டி முடித்த வீட்டுக்குள் கடைசியாக நுழைகிறவர்களில் ஒருவன். அதன் பிறகு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப நுழைகிறவனும் நான்தான். நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். குழாய் அடைத்தால், சுவர் ஈரம் கோத்தால், டேங்க் நிரம்பி வழிந்தால் கூப்பிடுவது என்னைத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில மாதம் முன்பு ஒரு வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். கட்டி ஆறு வருஷம் ஆன வீடு. "தம்பி, நாலு பேர் குளிக்கிற தண்ணி அத்தனையும் வீணாப் போகுது. அதைத் தோட்டத்துக்குத் திருப்பி விடணும். ஒரு குழாய்தானே?" என்றார். போய்ப் பார்த்தேன். குளியலறைத் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் தரைக்கு அடியிலேயே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே குழாயாகக் கீழே இறங்கியிருந்தன. சேர்கிற இடம் கான்கிரீட்டுக்குள். பிரிக்க வேண்டுமானால் டைல்ஸை உடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் கிழித்து, கீழ்வீட்டுக் கூரையையும் கொத்த வேண்டும். அந்த அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் வரைபடம் தாளில் இருந்தபோது யாராவது இன்னொரு குழாய்க்குக் கோடு இழுத்திருந்தால் அரை நாள் வேலைதான்.

தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். பல் தேய்க்கும்போது குழாயை மூடு, வாளியில் குளி, காரைக் கழுவாதே. சரி, சொல்லட்டும். ஆனால் என் அனுபவத்தில் ஒரு வீடு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதில் பெரும் பங்கு அந்த வீட்டில் ஆள் குடிவருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உங்கள் மேஜையில்.

ஒன்றே ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கீசர் ஒரு மூலையில், குளியலறை எதிர் மூலையில். நடுவில் 10 மீட்டர் குழாய், உள்விட்டம் 20 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் எப்போதும் 3 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். போன தடவை திறந்தபோது சூடாக வந்து, மூடியதும் குழாயிலேயே ஆறிப்போன தண்ணீர் அது. காலையில் குளிக்க வருகிறவர் என்ன செய்வார்? குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த 3 லிட்டரும் சாக்கடைக்குப் போன பிறகுதான் சூடு வரும். குழாயின் சுவரும் சூடேற வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் கூடப் போகும். நாலு பேர், ஆளுக்கு இரண்டு தடவை என்றால் நாளைக்கு ஏறக்குறைய 25 லிட்டர். வருஷத்துக்கு 9,000 லிட்டர். இதில் குடியிருப்பவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. எவ்வளவு சிக்கனமானவரும் பச்சைத் தண்ணீரைப் பிடித்து வைக்க தினமும் ஒரு வாளியோடு நிற்க மாட்டார்.

கீசரைக் குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தால் இந்தக் கணக்கே கிடையாது. இடம் இல்லையா, குழாயையாவது சிறிதாக்குங்கள். உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் அதே 10 மீட்டரில் நிற்பது ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். "பெரிய குழாய் போட்டால் நல்லதுதானே" என்று சைட்டில் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் மூன்றையும் முதுகோடு முதுகாக ஒரே சுவரில் சாய்த்து வைத்த வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். குழாய் பாதிதான் ஆகும், குழாயைத் திருப்பும் எல்போ பாதி, கசிகிற இடமும் பாதி. வரைபடத்தில் அறைகள் அழகாகச் சிதறிக் கிடப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் அதைப் பார்க்கிறபோது முதலில் குழாயின் நீளத்தைத்தான் எண்ணுவேன். தொழில் புத்தி.

கழிவறைக்கு வருகிறேன். வீட்டுக்குள் தண்ணீரை அதிகமாக விழுங்கும் இடங்களில் இது முன் வரிசை. இரண்டு பொத்தான் ஃப்ளஷ் டேங்கை 1980இல் ஆஸ்திரேலியாவில் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்சன் என்பவர் வடிவமைத்தார். முதலில் வந்தது பெரிய பொத்தானுக்கு 11 லிட்டர், சின்னப் பொத்தானுக்கு 5.5 லிட்டர் என்று இருந்தது. இன்றைக்கு அது 4.5, 3 வரை இறங்கிவிட்டது. ஒரே பொத்தானில் 10 லிட்டர் கொட்டும் பழைய டேங்க் உள்ள வீட்டில், நாலு பேர் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளைக்கு 200 லிட்டர். அதுவே 6, 3 லிட்டர் டேங்காக இருந்து, ஐந்தில் நாலு தடவை சின்னப் பொத்தானை அழுத்தினால் 72 லிட்டர். குடிக்கத் தகுந்த தண்ணீரில் நாளைக்கு 128 லிட்டர் மிச்சம். யாருடைய பழக்கத்தையும் பெரிதாக மாற்றவேண்டியதில்லை.

ஆனால் டேங்கை மட்டும் மாற்றிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. குறைந்த தண்ணீர் கழிவை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும்? இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 10 லிட்டருக்குக் கணக்குப் போட்ட நீளமான, வாட்டம் கம்மியான குழாயில் 4 லிட்டரை விட்டால், தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கழிவு நடுவழியில் தங்கிவிடும். காய்ந்து கெட்டியாகும். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கம்பி விட்டுக் குத்துவேன். வீட்டுக்காரர் கடுப்பில் இரண்டு பொத்தானையும் சேர்த்து இரண்டு தடவை அழுத்த ஆரம்பிப்பார். போச்சு, மிச்சமான தண்ணீர் எல்லாம். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற வாட்டத்தைக் கொடுங்கள், திருப்பங்களைக் குறையுங்கள், கழிவறையைச் செங்குத்துக் குழாய்க்கு அருகில் வையுங்கள். எல்லாமே வரைபடத்தில் முடிகிற வேலை.

ஜப்பானிய வீடுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஃப்ளஷ் டேங்கின் மூடியே சின்ன வாஷ்பேசின். ஃப்ளஷ் பண்ணினதும் டேங்க் நிரம்ப வேண்டிய தண்ணீர் மேலே உள்ள குழாய் வழியாக வரும், அதில் கை கழுவிக்கொள்ளலாம், கழுவிய தண்ணீர் டேங்குக்குள் இறங்கும். மோட்டார் இல்லை, வடிகட்டி இல்லை. இதை முதலில் பார்த்தபோது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆதங்கமும் உண்டு. சொட்டுகிற குழாயைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நல்லதில்லைதான், ஆனால் காதில் விழுகிறது, யாராவது சரி செய்துவிடுவார்கள். ஃப்ளஷ் டேங்கிலிருந்து கழிவறைப் பீங்கானுக்குள் சத்தமில்லாமல் கசிகிற தண்ணீர்தான் ஆபத்து. ரப்பர் வாஷர் தேய்ந்து, மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் போனாலும் யாருக்கும் தெரியாது. டேங்கில் கொஞ்சம் கலர் பொடியைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருந்து, பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கண்டுபிடிப்பது சுலபம். சரி செய்யத்தான் முடிவதில்லை, ஏனென்றால் அழகுக்காக எல்லாவற்றையும் சுவருக்குள் புதைத்துவிடுகிறீர்கள். வால்வு எங்கே என்று தெரியாது, தெரிந்தாலும் டைல்ஸுக்குப் பின்னால். உடைக்க மனசு வராமல் வீட்டுக்காரர் "ஓடட்டும் விடுங்க" என்கிறார். ஒரு அடிக்கு ஒரு அடி சின்னக் கதவு வைத்திருந்தால் போதும். குழாய்கள் இறங்கும் டக்டுக்குள் ஒரு ஆள் நுழைந்து நிற்க இடம் விடுங்கள். ஒல்லியான ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, என் உதவியாளர் ஒல்லிதான்.

அடுக்குமாடிக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. மொட்டை மாடியில் டேங்க். மேல் மாடியில் இருப்பவருக்குக் குழாய்க்கு மேல் 4 மீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான். பத்து மாடி கீழே இருப்பவருக்கு 34 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அழுத்தம் நாலு மடங்கானால் குழாயிலிருந்து கொட்டுவது இரண்டு மடங்காகும். அப்படிப் பார்த்தால் ஒரே குழாயை ஒரே அளவு திறந்தாலும் கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக்காரரைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு செலவழிப்பார். மேல்வீட்டில் "தண்ணி நூலா வருது" என்று புகார், கீழ்வீட்டில் கை கழுவினால் சட்டை நனைகிறது. நாலைந்து மாடிக்கு ஒரு அழுத்தக் குறைப்பு வால்வு போட்டால் தீர்ந்தது. வாஷர்களும் நீண்ட நாள் வரும். ஆனால் எஸ்டிமேட்டைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்த வால்வுதான்.

குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை எல்லா இடத்திலும் மாட்டச் சொல்லிப் பட்டியல் கொடுக்கிறீர்கள். அது தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரை நிறைந்த நீர் போலக் காட்டும் சின்ன வலை. வாஷ்பேசினுக்கு அருமை. ஷவரிலும் அதே மாதிரிதான், நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் பழைய ஷவருக்குப் பதில் 8 லிட்டர் ஷவர் போட்டால் குளிக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வாளி பிடிக்கும் குழாயில் ஏரேட்டர் மாட்டி என்ன பிரயோஜனம்? வாளி 15 லிட்டர் என்றால் 15 லிட்டர்தான் போகப் போகிறது. ஆள் கூட இரண்டு நிமிடம் நிற்பார், அவ்வளவுதான். பிறகு அதைக் கழற்றி எறிந்துவிடுவார். எறிந்ததை எத்தனையோ வீடுகளில் ஜன்னல் திட்டில் பார்த்திருக்கிறேன். எந்தக் குழாயில் யார் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்போது மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைவிடச் சுலபமான கணக்கு என் தொழிலில் இல்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். நனைவது, ஆவியாவது, தெறிப்பது போக 1,600 லிட்டராவது கைக்கு வரும். பெர்முடா தீவில் ஆறும் கிடையாது, நன்னீர் ஏரியும் கிடையாது. அங்கே வீட்டுக் கூரையே நீர்நிலை. சுண்ணாம்புக் கல்லைப் படிப்படியாக அடுக்கி, வெள்ளை பூசி, வேகமாக வரும் மழையை நிதானப்படுத்தி, வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்கு இறக்குகிறார்கள். சட்டமே அப்படிக் கட்டச் சொல்கிறது. அதாவது அங்கே முதலில் தொட்டி, அதன் மேல்தான் வீடு.

நாம் செய்வது என்ன? மாடியின் நாலு மூலையிலும் நாலு குழாய், நாலும் நாலு திசையில், தெருவைப் பார்த்து. வீடு முடிந்ததும் அனுமதிக்காக ஒரு மூலையில் ஒரு குழி, அதில் கொஞ்சம் ஜல்லி. நாலு குழாயில் ஒன்றுதான் அந்தக் குழியை எட்டும். மழைநீர்ச் சேமிப்பு என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுக்கும்போதே எல்லாத் தண்ணீரும் ஒரே பக்கம் இறங்கும்படி கொடுத்தால், ஒரே வடிகட்டி, ஒரே தொட்டி, ஒரே இடத்தில் சுத்தம் செய்கிற வேலை. முதல் மழையின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் வரும். அதைத் தனியே ஒதுக்கும் ஒரு நிற்கும் குழாய், அடியில் திறந்துவிட ஒரு மூடி. அந்த மூடி கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். ஏணி போட்டு ஏறித் திறக்கும் மூடியை இரண்டாவது வருஷம் யாரும் திறப்பதில்லை. தொட்டி நிரம்பி வழிவதற்கு ஒரு வழி வைத்து, அந்த வழிதான் தரைக்குள் இறங்கும் குழிக்குப் போக வேண்டும்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன இரண்டு குழாய்க்குத் திரும்புகிறேன். குளிக்கிற, கை கழுவுகிற, துணி துவைக்கிற தண்ணீருக்குச் சாம்பல் நீர் என்று பெயர். கழிவறைத் தண்ணீர் வேறு ஜாதி. சமையலறைத் தண்ணீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இருப்பதால் அதையும் சாம்பல் நீரோடு சேர்க்காமல் இருப்பதே என் வழக்கம், இல்லாவிட்டால் வடிகட்டி நாறிவிடும். நான் கேட்பது இவ்வளவுதான்: இன்றைக்கு மறுபயன்பாட்டு எந்திரம் வாங்க வீட்டுக்காரருக்கு வசதி இல்லாவிட்டாலும், இரண்டு குழாயையும் தனித்தனியாகவே கீழ் வரை இறக்கிவிடுங்கள். கீழே சேம்பரில், அதாவது மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டியில், சேரட்டும். பிறகு என்றைக்கு மனசு வருகிறதோ அன்றைக்குச் சேம்பரைத் திறந்து ஒன்றைத் திருப்பிவிடலாம். அதே போல் ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் நல்ல தண்ணீர்க் குழாயையும் மேலிருந்தே தனியாக இழுங்கள். பிற்காலத்தில் அதில் மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ விடலாம்.

எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். சாம்பல் நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் அழுகிவிடும், நாற்றம் தாங்காது. பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகள் மேல் படக்கூடாது, மண்ணுக்கு அடியில், சருகு மூட்டத்துக்குக் கீழே விடவேண்டும். எல்லாவற்றையும்விட, அந்தக் குழாயும் குடிநீர்க் குழாயும் எந்த இடத்திலும் சேரவே கூடாது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மறுபயன்பாட்டு நீர்க் குழாய்க்கு ஊதா நிறம் அடிப்பது இதற்காகத்தான். நான் செத்த பிறகு அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிற பையனுக்கும் எது எது என்று தெரிய வேண்டாமா? சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தாள், வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தாளை எனக்குக் காட்டிய வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் உப்புத் தண்ணீர் இரண்டுக்கும்கூட ஒரு சின்னக் குழாய் வரைந்துவிட்டால் போதும். முன்னது செடிக்கு, பின்னது தரை துடைக்க.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1990இல் பிரீயம் என்ற சான்றிதழ் வந்ததிலிருந்து எத்தனையோ முத்திரைகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் லீட், நம் நாட்டின் கிருஹா எல்லாம் தண்ணீருக்கும் மதிப்பெண் தருகின்றன. வரவேற்கிறேன். ஆனால் மதிப்பெண்ணில் ஒரு பகுதி காகிதத்தில் போட்ட கணக்கு: இத்தனை பேர் இத்தனை தடவை திறப்பார்கள், குழாயில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வரும், ஆகவே இவ்வளவு மிச்சம். முத்திரை வாசலில் பளபளக்கிறது, உள்ளே டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் வால்வு கெட்டு டேங்க் இரவெல்லாம் வழிகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2004இல் பேசிக்ஸ் என்ற விதியைக் கொண்டுவந்து, புதுவீடு கட்ட அனுமதி வேண்டுமென்றால் குடிநீர்ச் செலவை இடத்துக்கு ஏற்ப 40 சதவீதம் வரை குறைக்கும்படி வடிவமைத்துக் காட்டச் சொன்னது. விருப்பப்பட்டவர் வாங்கும் முத்திரையைவிட எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

கட்டிய பிறகு கணக்குத் தெரிய வேண்டுமானால் மீட்டர் வேண்டும். அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒன்று. தண்ணீர்ச் செலவை எல்லோரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிற இடத்தில் யாருக்கும் தன் செலவு தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே குழாய் உள்ளே போகும்படி வரைந்தால்தான் மீட்டர் வைக்க முடியும். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று மாடியிலிருந்து நாலு குழாய் இறக்கினால் ஒரு வீட்டுக்கு நாலு மீட்டர் யார் வைப்பார்கள்? மீட்டர் இருந்தால் ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை, காலையில் குழாயைத் திறக்கும் முன் ஒரு தடவை பார்த்தால் போதும். முள் நகர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது.

கடைசியில் அந்த அம்மா வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குளியலறைத் தண்ணீருக்கு வழியே இல்லை. ஆனால் துணி துவைக்கும் எந்திரம் தற்செயலாகப் பின்பக்க வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் ஒரே ஒரு துளை போட்டு, ஒரு மூன்றுவழி வால்வு வைத்து, அந்தக் குழாயை மட்டும் வெளியே இழுத்து வாழைக்கும் செம்பருத்திக்கும் விட்டேன். ஒரு தடவை துவைத்தால் 50 லிட்டருக்குப் பக்கமாக வருகிறது. வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. யாரும் யோசித்து அந்த எந்திரத்தை அங்கே வைக்கவில்லை, இடம் அங்கேதான் மிச்சமிருந்ததாம்.

அடுத்த வீட்டை வரையும்போது, ஸ்லாப் ஊற்றுவதற்கு முந்தின நாள் அல்ல, பென்சில் கையில் இருக்கும்போதே எங்களில் ஒருவனைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் போதும். டீ கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்